டாங்கிக்கு மார்பு கிடையாது

2024 ஆகஸ்டு 10, சனிக்கிழமை. விடியும் முன் எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன். இரவு பெய்த மழை பின்பால்கனிக்குள் சாய்ந்து அடித்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் தேங்கியிருந்தது. பழைய துண்டால் துடைத்துவிட்டு, ‘மழைக்கு ஏதாவது மறைப்புக் கட்ட வேண்டும்’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். அதே வரியை முந்தைய வாரமும் எழுதியிருந்தேன். பிறகு ஆயர் ஈத்தாம் சந்தைக்கு நடந்துபோய்க் கீரையும் துருவிய தேங்காயும் வாங்கி, கடையில் ஒரு கோப்பி குடித்தேன். வீட்டுக்கு வந்து, நீலக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவையைத் தேய்த்து நாற்காலியில் விரித்தேன். அன்று பிற்பகல் நான் பட்டிமன்றத்தில் பேச வேண்டும். அதுவும் அணித் தலைவியாக, முதல் முறையாக.

எங்கள் இலக்கிய வட்டம் சிறியது. மாதம் ஒரு கூட்டம், ஆண்டுக்கு ஒரு பட்டிமன்றம். வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒதுக்கப்பட்டது நன்றியுரை. “அக்கா ஒருத்தரையும் விடமாட்டாங்கலா. மைக்கு வாடகைக்குக் குடுத்தவருலேர்ந்து தேத்தண்ணி கலக்கினவங்க வரைக்கும் சொல்லிருவாங்க” என்பார் செயலாளர், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய அந்த ‘லா’வோடு. அது பாராட்டுதான். ஆனால் அந்தப் பாராட்டே என்னை மேடையின் ஓரத்தில் நிறுத்தி வைத்தது. நன்றியுரை நேரத்தில் கூட்டம் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும். பாதிப் பேர் அரிசிச் சேமியா மீகூன் தட்டை நோக்கிப் போயிருப்பார்கள். யாரும் கேட்காத ஓர் உரையைப் பிழையில்லாமல் எழுதி, பிழையில்லாமல் வாசித்து, பல வருடங்களைக் கழித்திருந்தேன்.

இந்த வருடம் செயற்குழுவில் நானே கேட்டேன். நன்றியுரையை வேறு யாராவது சொல்லட்டும், எனக்கு ஓர் அணி வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் எல்லாரும் விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் நடுவர், “குடுத்துப் பாப்போம்” என்றார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் பட்டிமன்றங்களுக்கெல்லாம் அவர்தான் நடுவர். என்மேல் நல்லெண்ணம் உள்ளவர், ஆனால் கைதட்டல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு சாயும். ஜெயிக்கும் அணி அடுத்த மாதம் ஈப்போவில் மற்ற மாநில அணிகளோடு பேசப் போகும். நான் அந்த மேடைக்குப் போக ஆசைப்பட்டேன். அதை இங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

தலைப்பைக் கொண்டுவந்தவர் என் அணியின் இரண்டாவது பேச்சாளர். தாசேக் கெலுகோரில் வீடு, மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலை முடிந்தால் கணினியில் டாங்கிச் சண்டை விளையாடுவார். என்னைவிட இளையவர் என்பதால் நான் அவரைத் தம்பி என்பேன். “எத்தன வருஷத்துக்கு கணவனா மனைவியான்னே பேசுவீங்க? புதுசா ஒன்னு போடுங்கலா” என்று அவர் செயற்குழுவில் சொல்ல, எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு புகழ்பெற்ற ஜெர்மன் டாங்கியும் அதன் தளபதியும் எப்படி அழிந்தார்கள் என்ற கேள்வியை அவர் வைத்தார். உலகம் முழுக்க இதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்களாம். செயலாளர் அதற்கு நம் மேடைக்கு ஏற்ற தலைப்பு கண்டுபிடித்தார்: ‘மாவீரனின் டாங்கியை வீழ்த்தியது வானமா? மண்ணா?’

எனக்கு மண் அணி கிடைத்தது.

தெரியாத ஒன்றைப் பேசுவது எனக்கு வராது. அதனால் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எண்பது வருடங்களுக்கு முன், இதே ஆகஸ்டு மாதத்தில், பிரான்சின் வடக்கே ஒரு நெடுஞ்சாலையை ஒட்டிய திறந்த வயலில் நடந்தது அது. நல்ல பகல் வெளிச்சம். சில ஜெர்மன் கனரக டாங்கிகள் வயலில் முன்னேறின. ஒன்றில் அந்தத் தளபதி இருந்தார். எதிரியின் டாங்கிகளை ஏராளமாக அழித்தவர் என்று அவருடைய அரசாங்கம் அவரை நாடு முழுக்கக் கொண்டாடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய டாங்கி வெடித்தது. பீரங்கி பொருத்திய மேல்கூண்டு பிய்ந்து தனியாகப் போய் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

யார் அடித்தது என்பதில் மூன்று கட்சி. விமானத்திலிருந்து வந்த ராக்கெட் என்பது ஒன்று. டாங்கிகளுக்கு வலப்பக்கம் பழத்தோட்டத்தில் மறைந்து நின்ற ஆங்கிலேய டாங்கி என்பது இன்னொன்று. இடப்பக்கம் ஒரு பண்ணை மாளிகையின் மதிலில் ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சுட்ட கனடா நாட்டு டாங்கிகள் என்பது மூன்றாவது. சிதைந்த டாங்கி போர் முடிந்த பிறகும் அங்கேயே கிடந்தது. அதன் பின்பக்கத்தில், எஞ்சினுக்கு மேலே ஒரு துளையைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அந்தத் துளையை வைத்துத்தான் மூன்று கட்சிக்காரர்களும் இன்றுவரை பேசுகிறார்கள்.

முதலில் நடுவரைத் தொலைபேசியில் அழைத்து, கட்சி மூன்று இருக்கிறதே என்றேன்.

“ஏம்மா, பட்டிமன்றம்னா ரெண்டு அணிதான். மூணாவது அணிக்கு எங்க போறது? மேடையில மேசையே ரெண்டுதான் இருக்கு.”

“கனடாக்காரங்களுக்கு மேசை இல்லேன்னா அவங்க சுடலேன்னு ஆயிருமா, சார்?”

“அவங்களும் மண்ணுலதான நிக்கிறாங்க? உங்க அணியிலயே சேத்துக்குங்க” என்று சிரித்தார். அது நியாயம்தான். சேர்த்துக்கொண்டேன்.

நான் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்குக் கோப்புகளைத் தயாரிப்பது என் வேலை. போலீஸ் வரைபடம், வண்டியின் படங்கள், சாட்சி சொன்னது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரளவு தெரியும். யார் ஓட்டினார்கள் என்று நசுங்கல் சொல்லாது. டாங்கியையும் அப்படித்தான் பார்த்தேன். வெள்ளைத்தாளில் சாலை, பழத்தோட்டம், மதில், அம்புக்குறி எல்லாம் போட்டுக்கொண்டேன். எனக்குப் பட்டது இதுதான்: அடி தரையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ பட்டிருக்க வேண்டும். ஆங்கிலேயரா கனடாக்காரரா என்று என்னால் சொல்ல முடியாது.

பட்டிமன்றத்துக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை வேலை முடிந்து, சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் தம்பியும் நானும் ஒத்திகை பார்த்தோம். மேசையில் என் கோப்பிக் கோப்பைதான் டாங்கி. அதன் காது பின்பக்கம். வலப்பக்கம் மிளகாய்ச் சாற்றுப் போத்தல் பழத்தோட்டம், இடப்பக்கம் பல்குச்சி டப்பா மதில். கோப்பையை நேராக நகர்த்தி, போத்தலும் டப்பாவும் அதன் இரண்டு விலாவையும் எப்படிப் பார்க்கின்றன என்று காட்டினேன்.

தம்பி பொறுமையாகப் பார்த்துவிட்டு, கோப்பையைப் பிடித்து முகம் போத்தலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

“இப்பிடித் திரும்பிட்டான்னு வெச்சுக்கலாம்லா அக்கா.”

“ஏன் திரும்பணும்?”

“நேருக்கு நேர் வரணும்லா. எதிரணி என்ன சொல்லுவான் தெரியுமா? மண்ணுன்னா முதுகுல அடி, மாவீரனுக்கு முதுகுல புண்ணான்னு கேப்பான். சனம் அவன் பக்கம் போயிரும். மார்புல வாங்குனான்னு சொன்னாத்தான் நமக்குக் கை தட்டுவாங்க.”

இணையத்தில் இதைப் பற்றிச் சண்டை போடும் எந்த நாட்டுக்காரருக்கும் இந்தக் கவலை வந்ததாக நான் படிக்கவில்லை. நமக்குத்தான் வரும். போரில் மார்பில் காயம் பட்டால் பெருமை, முதுகில் பட்டால் இழிவு என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பாடத்தை எடுத்து அறுபது டன்னுக்குப் பக்கமான ஓர் இரும்பு வண்டியின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

“தம்பி, டாங்கிக்கு ஏது மார்பு?”

“முன்பக்கம்தான் மார்பு. இரும்பு தடிச்சு இருக்குமே.”

“தடிச்சு இருக்கிறதாலதான் யாரும் அங்க சுட மாட்டாங்க. பக்கவாட்டு தெரியற வரைக்கும் காத்திருப்பாங்க. நீங்க கம்பியூட்டர்ல அப்பிடித்தானே சுடுறீங்க?”

“அது கேம்லா அக்கா. இது மேடை.”

நான் கோப்பையைப் பழையபடி திருப்பி வைத்தேன். அவர் மறுபடி திருப்பினார். இரண்டு முறை இப்படி நடந்தது. கோப்பி சிந்தியது. பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “கப்பத் திருப்புறதால வயல்ல நடந்தது திரும்பிராது, தம்பி” என்றேன். அவர், “ஈப்போ போகணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

போக வேண்டும். அதுதான் சிக்கல். அவர் சொன்னது சரி என்றும் எனக்குத் தெரியும். எங்கள் கூட்டத்தை நான் வருடக்கணக்காக மேடையின் ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எதற்குக் கைதட்டுவார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் என்னால் முடியும். முன்பக்கம் என்று ஒரே ஒரு பொய், அதற்குமேல் கொஞ்சம் குரல். அது போதும், ஈப்போ போய்விடலாம்.

நான் நடந்ததைத்தான் சொல்வேன், நீங்கள் உங்கள் பேச்சைப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை செயலாளர் பேனரின் படத்தை எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார். தளபதியின் முகம், கறுப்பு உடை, தொப்பி. தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் வரைந்திருந்தார்கள். மேலே ‘மாவீரன்’ என்று தங்க நிறத்தில். உடனே அவரை அழைத்தேன்.

“அண்ணே, இவரு யாருக்காகச் சண்ட போட்டாருன்னு படிச்சீங்களா?”

“ஜெர்மன்காரன்லா. அதுல என்ன?”

“ஜனங்களைக் குடும்பம் குடும்பமாப் பிடிச்சு அடைச்சுக் கொன்ன ஆட்சிக்காக. அந்த ஆட்சியோட சொந்தப் படையில தானாப் போய்ச் சேர்ந்தவரு. அந்தச் சொல்ல எடுத்துருங்க. டாங்கித் தளபதின்னு போடுங்க, போதும்.”

“அக்கா, பிரிண்ட் ஆயிருச்சு. பணம் கட்டியாச்சு. அதுவும் இல்லாம, அவன் வெள்ளக்காரன எதிர்த்துச் சண்ட போட்டவன்லா.”

“அண்ணே, அவரும் வெள்ளக்காரர்தான்.”

செயலாளர் சிரித்துவிட்டார். பேனர் மட்டும் மாறவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் சமூகக் கூடம் ஓரளவு நிறைந்திருந்தது. மேடையில் நடுவில் நடுவரின் மேசை, இருபுறமும் எங்கள் மேசைகள். பின்னால் அந்த முகம். என் நாற்காலி சரியாக அந்தக் கறுப்புத் தொப்பிக்குக் கீழே இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வான் அணியின் இரண்டாவது பேச்சாளர் ஓர் ஆசிரியை. தளபதியின் மனைவியின் கண்ணீரைப் பற்றி உருகிப் பேசினார். அந்தக் கண்ணீருக்கும் ராக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு என் அணித் தம்பி எழுந்தார். “நெஞ்சை நிமிர்த்தி வந்த டாங்கி. நெற்றியின் நடுவில் அடி” என்றார். நல்ல கைதட்டல். அவர் உட்காரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். இனி நீங்கள் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பது அதன் பொருள்.

அடுத்து வான் அணித் தலைவர். அவர் ஒரு காப்புறுதி முகவர், வாகன இன்சூரன்ஸ் விற்பவர். அலுவலகத்தில் எனக்குப் பழக்கமானவர், வாய் சாமர்த்தியம் உள்ளவர். தம்பியின் பேச்சை ஒரே வாயில் ஊதித் தள்ளினார்.

“நெத்தியில அடின்னு சொல்றாரு நம்ம தம்பி. துளை எங்க இருந்துச்சு? பின்னால. அப்ப மண்ணு அணி என்ன சொல்லுது? மாவீரன் முதுகுல வாங்கினான்னு சொல்லுது. நாங்க என்ன சொல்றோம்? அடி மேலேருந்து வந்துச்சு. மேலேருந்து வந்தா மார்பும் இல்ல, முதுகும் இல்ல. விதி. சபையோரே, ஒரு வீரனுக்கு எது மரியாதைன்னு நீங்களே சொல்லுங்க.”

கூடம் அதிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அழகான வாதம். நானே ஒரு கணம் ரசித்தேன்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். “மண்ணு அணித் தலைவி இப்ப எழுந்து, நம்ம மாவீரன் முதுகுல விழுந்த பழியத் தொடைப்பாங்க” என்றார். எனக்கு வழி காட்டினார். கதவைத் திறந்து, உள்ளே வா என்று அழைத்தது போலத்தான். நெற்றியில் அடி என்று நானும் சொன்னால் போதும்.

ஒலிவாங்கியை என் உயரத்துக்குத் தாழ்த்தினேன்.

“நான் ஒரு பழியையும் தொடைக்க வரல” என்றேன். “துளை பின்னாலதான். அடி பக்கவாட்டுலேயோ பின்னாலயோதான் பட்டிருக்கணும். என் அணித் தம்பி நெத்தியிலன்னு சொன்னாரு. அது நடக்கல.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

“டாங்கிக்கு மார்பு கிடையாது, முதுகும் கிடையாது. பக்கவாட்டு தெரியற வரைக்கும் காத்திருந்து சுட்டவன் கோழை இல்ல. வேலை தெரிஞ்சவன். எங்க ஆபீஸ்ல பின்னால அடி வாங்கினவருக்குத்தான் இழப்பீடு. முன்னால போய் முட்டினவர்மேல கேஸ். இது எதிரணித் தலைவருக்கு நல்லாத் தெரியும். ஏன்னா காசு குடுக்கிறது அவரு கம்பெனி.”

சிரிப்பு எழுந்தது. காப்புறுதிக்காரரும் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை நிலைமை தப்பியிருக்கும். ஆனால் எனக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. பழத்தோட்டத்து ஆங்கிலேயர்களைச் சொன்னேன். மேசை கிடைக்காத கனடாக்காரர்களைச் சொன்னேன். இரண்டு பேரும் சுட்டிருக்கிறார்கள், இரண்டு பேரும் தங்கள் குண்டுதான் என்று மனதார நம்பியிருக்கலாம், யாருடையது என்று எனக்குத் தெரியாது என்றேன். பட்டிமன்ற மேடையில் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னேன்.

“இன்னொன்னு. அந்த டாங்கியில அஞ்சு பேரு இருந்தாங்க. ஒருத்தர் ஓட்டினாரு, ஒருத்தர் குறி வெச்சாரு, ஒருத்தர் குண்டு எடுத்துப் போட்டாரு, ஒருத்தர் வயர்லெஸ் பாத்தாரு. மார்பா முதுகான்னு ரெண்டு மணி நேரமாப் பேசுறோம். யாரு மார்பு? ஒருத்தரோட மார்பு. அந்த ஒருத்தரையும் நம்ம பேனர் மாவீரன்னு சொல்லுது. நான் சொல்லல. அவர் சேவை செஞ்ச ஆட்சி செஞ்சதப் படிச்சவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அவர் டாங்கி எப்படி அழிஞ்சதுன்னு பேசலாம். தப்பே இல்ல. அதுக்காக அவர் தலைக்குப் பின்னால ஒளிவட்டம் போட வேணாம்.”

மணி அடித்தது. என் நேரம் இன்னும் மீதி இருந்தது என்று எனக்குத் தெரியும். நடுவருக்கும் தெரியும்.

“ஏம்மா, நீங்க எந்த அணி?” என்று நடுவர் கேட்டார். “சொந்த அணிக்காரரையே மறுத்துப் பேசுறீங்களே.”

“மண்ணு அணிதான் சார். பொய் அணி இல்ல.”

பின்வரிசையில் யாரோ இரண்டு மூன்று பேர் மட்டும் கை தட்டினார்கள். நான் என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். என் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். தம்பி என் பக்கம் திரும்பாமலே, “போச்சுலா அக்கா. ஈப்போ போச்சு” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. அதற்காக வருந்தினேன். சொன்னதற்காக வருந்தவில்லை.

தீர்ப்பு வானம்தான். அத்தனை டாங்கிகளை அழித்தவனை இன்னொரு மனிதன் அழித்திருக்க முடியுமா, இயற்கையே இறங்கி வந்திருக்க வேண்டும் என்று நடுவர் உணர்ச்சியோடு முடித்தார். ராக்கெட் எப்போது இயற்கையானது என்று கேட்க அங்கே எனக்கு இடமில்லை. செயலாளரே நன்றியுரை சொன்னார். தேத்தண்ணி கலக்கிய அக்காவை விட்டுவிட்டார். அந்த அக்கா கூடத்தின் கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்றதை நான் பார்த்தேன்.

கூட்டம் மீகூன் பக்கம் நகர்ந்ததும் நடுவர் என்னைத் தனியாக அழைத்தார். குரல் கனிவாக இருந்தது.

“வருத்தப்படாதீங்கம்மா. உங்களுக்கு ஈப்போ போகணும்னு ஆசைன்னு எனக்குத் தெரியும். வான் அணி டீச்சர் மக நிச்சயதார்த்தம் அந்த வாரம். அவங்களால வர முடியாது. அவங்க எடத்துல நீங்க வாங்க. அந்த மனைவியோட கண்ணீரப் பத்திப் பேசுங்க. உங்க குரலுக்கு நல்லாப் பொருந்தும்.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே எனக்கு உதவுவதாக நினைத்தார். ஈப்போ மேடை, இரண்டாவது நாற்காலி, என் பெயர் போட்ட அட்டை. நான் கேட்டது கையில் வந்து நின்றது. அதற்கு விலை, நான் நம்பாத ராக்கெட்டுக்காக நான் அறியாத ஒரு பெண்ணின் கண்ணீரைக் கடன் வாங்குவது.

“வேணாம் சார்.”

“இப்பவே சொல்லாதீங்க. கோபத்துல இருக்கீங்க. காலைல சொல்லுங்க.”

“கோபம் இருக்கு சார். ஆனா காலைலயும் இதேதான் சொல்வேன். அடுத்த வருஷம் எனக்கு மறுபடி ஓர் அணி வேணும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்.”

அவர் தாடையைத் தடவினார். “தோத்த அணித் தலைவிக்கு அடுத்த வருஷமும் அணியா?”

“போன வருஷம் தோத்தவருதான சார் இந்த வருஷம் ஜெயிச்சாரு?”

காப்புறுதிக்காரர் மீகூன் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார். அவரைத்தான் சொன்னேன். “அத ஏன் இங்க இழுக்குறீங்க மேடம்” என்றார், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

கூடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியது. நாற்காலிகளை அடுக்கினோம். தம்பி என்னோடு பேசாமலேயே மேசையின் மறுமுனையைத் தூக்கினார். செயலாளர் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தார். தடித்த, நல்ல விரிப்பு. ஓரம் முழுக்கக் கயிறு கோக்க வளையம் போட்ட துளைகள்.

“அண்ணே, அத என்கிட்ட குடுங்க.”

அவர் நின்றார். காப்புறுதிக்காரர் வாயில் மீகூனோடு திரும்பினார். “எதுக்கு மேடம்? வீட்டுல மாட்டவா?”

“மாட்டத்தான்.”

செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொடுத்துவிட்டார். கிராப் வாடகை வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் மீண்டும் தூறல் பிடித்தது.

ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, தண்ணீர்கூட வைக்காமல், ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு பின்பால்கனிக்குப் போனேன். பேனரை விரித்து, முகம் உள்ளே இயந்திரத்தைப் பார்க்கவும், வெறும் வெள்ளைப் பக்கம் மழையைப் பார்க்கவும் திருப்பினேன். சமையலறையில் தொலைபேசி அடித்தது. இந்த நேரத்தில் நடுவரைத் தவிர வேறு யாரும் அழைக்க மாட்டார்கள். அது அடிக்கட்டும் என்று விட்டு, நான்கு மூலையையும் பால்கனிக் கம்பியோடு இழுத்து, இரட்டை முடிச்சாகக் கட்டினேன்.